வயதான பூனையைத் தத்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கைவிடப்பட்ட பூனைகளுக்கு வீடு தேடும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். குட்டி இருக்கிறது என்று ஒரு படம் போட்டால் அன்று மாலைக்குள் ஆள் வந்துவிடும். 10 வயதுப் பூனையின் படத்துக்கு "ஐயோ பாவம்" என்ற பதில்தான் வரும். உண்மையிலேயே ஆசைப்பட்டுக் கூப்பிடுகிறவர்களும் சில சந்தேகங்களில் தயங்கி நின்றுவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப என்னிடம் வரும் அந்தச் சந்தேகங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு வீடுகளை, அதிலும் நகரத்து அடுக்குமாடி வீடுகளை மனதில் வைத்து எழுதியது இது.

எத்தனை வயதானால் "வயதான பூனை"?

10 வயதைத் தாண்டிய பூனையை முதிய பூனை என்பது மருத்துவர்கள் வழக்கம். 7 முதல் 10 வரை நடுவயது. மனிதக் கணக்கில் சொன்னால் 10 வயதுப் பூனைக்கு 56 வயது, 15 வயதுப் பூனைக்கு 76 வயது என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளேயே வளரும், கருத்தடை செய்த பூனை 15, 18 வயதுவரை இருப்பது அபூர்வமில்லை. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1967இல் பிறந்த கிரீம் பஃப் என்ற பூனை 2005வரை, அதாவது 38 வயதுவரை வாழ்ந்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. அது பெரிய விதிவிலக்குதான். இருந்தாலும், ஆரோக்கியமான 10 வயதுப் பூனையை எடுத்தால் இன்னும் 5 வருடமாவது கூட இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லை.

நம் ஊரில் 5 வயதுப் பூனையையே "வயசாயிடுச்சே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது பூனையின் வாலிப வயது.

ஏதோ குறை இருப்பதால்தானே ஷெல்டரில் விட்டிருப்பார்கள்?

பெரும்பாலும் குறை பூனையிடம் இருக்காது. தனியாக இருந்த பாட்டி இறந்துபோனார், பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டைப் பூட்டிவிட்டார்கள். வாடகை வீடு மாறினார்கள், புது வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. வீட்டில் பேறுகாலம், பெரியவர்கள் பயந்தார்கள். இப்படித்தான் வருகின்றன. வருடக்கணக்கில் ஒரே சோபாவில் தூங்கிப் பழகிய பூனை, ஒரே நாளில் நாய் குரைக்கும் சத்தத்துக்கு நடுவே கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளும், சரியாகச் சாப்பிடாது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாததால் முடி சிக்கலாகிவிடும். வந்து பார்க்கிறவர்களுக்கு அது சீக்குப் பூனையாகத் தெரியும். அதன் உண்மையான சுபாவம் அங்கே வெளியே வராது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

குட்டியிலிருந்து வளர்த்தால்தானே ஒட்டும்?

இல்லை. குட்டி எல்லோரிடமும் போகும். அது பெரிதாகி என்ன சுபாவம் எடுக்கும், மடியில் உட்காருமா, தூக்கினால் பிராண்டுமா என்று யாராலும் சொல்ல முடியாது. வயதான பூனையிடம் அந்தக் கேள்வியே இல்லை. அது எப்படிப்பட்டதோ, அப்படித்தான் இருக்கப் போகிறது. கூட இருந்து பார்த்துக்கொள்கிறவரிடம் கேட்டால் சத்தத்துக்குப் பயப்படுமா, ஆண்களைக் கண்டால் ஒளியுமா, இன்னொரு பூனையைப் பொறுத்துக்கொள்ளுமா என்று எல்லாம் சொல்லிவிடுவார்.

இன்னொன்று. குட்டி இருக்கும் வீட்டில் திரைச்சீலை மிஞ்சாது, ராத்திரி 3 மணிக்கு ஓட்டப்பந்தயம் நடக்கும். வேலைக்குப் போகும் தம்பதிக்கும், வீட்டில் அமைதியாக இருக்க விரும்பும் பெரியவர்களுக்கும் 8 வயதுக்கு மேற்பட்ட பூனைதான் பொருத்தம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாசம் வைக்குமா என்ற சந்தேகமே வேண்டாம். புது வீட்டில் பயம் தெளிந்த பிறகு அது உங்கள் காலடியைவிட்டு நகராது.

எங்கே போய்க் கேட்பது? நடைமுறை என்ன?

சென்னையில் வேளச்சேரியில் உள்ள புளூ கிராஸ் பழைய அமைப்பு, எல்லோருக்கும் தெரிந்தது. அடையாறு பக்கம் பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் இருக்கிறது. இதுபோக, தங்கள் வீட்டு மாடியிலோ ஒரு அறையிலோ மீட்ட பூனைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் தனிநபர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரைக் கேட்டால் அவர்களைத் தெரிந்திருக்கும்.

நடைமுறை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். ஒரு படிவம், அடையாள அட்டை நகல், வீட்டைப் பற்றிச் சில கேள்விகள், சில சமயம் வீட்டை நேரில் வந்து பார்ப்பது. பால்கனிக்கு வலை போட்டிருக்கிறீர்களா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். இந்தக் கேள்விகளைப் பார்த்துச் சிலருக்குக் கோபம் வருகிறது. ஒரு முறை கைவிடப்பட்ட உயிரை இரண்டாவது முறை தெருவுக்கு அனுப்பக் கூடாது என்ற கவலையில் கேட்கிறார்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். எந்தக் கேள்வியும் கேட்காமல், "எடுத்துட்டுப் போங்க" என்று கையில் திணிக்கும் இடத்தில்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

ஷெல்டரில் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

ஒரே தடவை பார்த்து முடிவெடுக்காதீர்கள். முடிந்தால் இரண்டு வெவ்வேறு நேரங்களில் போய்க் கூண்டுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். கையை உள்ளே விட்டுத் தூக்கப் பார்க்க வேண்டாம். விரல் நுனியை மூக்குக்குக் கொஞ்சம் தள்ளி நீட்டிக் காத்திருங்கள், அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும். கண்ணை மெதுவாக மூடித் திறந்து காட்டுங்கள். அதுவும் அப்படியே செய்தால் உங்களை அது எதிரியாக நினைக்கவில்லை என்று அர்த்தம்.

கேட்க வேண்டியவை: கருத்தடை ஆகிவிட்டதா, தடுப்பூசிக் குறிப்பேடு இருக்கிறதா, ரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தார்கள், இப்போது என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு எடை, எந்த மணலில் மலம் சிறுநீர் கழிக்கிறது, இன்னொரு பூனையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா. கடைசிக் கேள்வி முக்கியம். ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு பூனைகளைப் பிரித்தால் சில சமயம் இரண்டுமே சாப்பாட்டை விட்டுவிடும். "சேர்த்துத்தான் தருவோம்" என்று அவர்கள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

கருத்தடை ஆகாத வயதான பெண் பூனைக்குக் கருப்பையில் சீழ் கட்டும் அபாயமும் மடியில் கட்டி வரும் அபாயமும் உண்டு. "இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்" என்று விட்டுவிடாமல், ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

அவர்கள் சொல்லும் வயது சரியா?

வீட்டில் வளர்த்தவரே கொண்டுவந்து விட்டிருந்தால் ஓரளவு சரியாக இருக்கும். தெருவிலிருந்து மீட்டது என்றால் பற்களின் தேய்மானம், கறை, கண்மணியைச் சுற்றிய வண்ணப் பகுதி, தசை இவற்றைப் பார்த்துச் சொல்லும் தோராயக் கணக்குதான். 3 வயது முன்பின் இருக்கலாம். வயதைவிட இப்போதைய உடல்நிலைதான் கணக்கு.

பூனை வரும் முன் வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும்?

ஒரு அறை. வீடு முழுக்கத் திறந்துவிடாமல், முதலில் ஒரே ஒரு அறையை அதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு மூலையில் மணல் பெட்டி, எதிர் மூலையில் சாப்பாடு, தண்ணீர் இன்னொரு பக்கம். ஒளிந்துகொள்ள ஒரு பக்கம் வெட்டிய அட்டைப்பெட்டியும் பழைய பருத்திப் புடவையும் போதும். கடையில் விற்கும் விலை உயர்ந்த பூனை மெத்தையைவிட அந்த அட்டைப்பெட்டியைத்தான் அது தேர்ந்தெடுக்கும்.

மணல் பெட்டியின் விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும். வயதான பூனைக்கு மூட்டு வலி இருக்கும், உயரமான விளிம்பைத் தாண்டி ஏறக் கஷ்டப்பட்டு வெளியே போய்விடும். பிளாஸ்டிக் டப்பில் ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டி, வெட்டிய இடத்தைத் தேய்த்து மழமழப்பாக்கினால் சரியாக இருக்கும். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் ஏற ஒரு முக்காலியைப் படியாகப் போடுங்கள்.

பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை. இதில் சமரசமே கிடையாது. "வயசான பூனைதானே, குதிக்காது" என்பார்கள். புறாவைப் பார்த்தால் எந்த வயதுப் பூனையும் பாயும்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. என்ன செய்வது?

ஒன்றும் செய்யாமல் இருங்கள். இழுத்து வெளியே எடுக்காதீர்கள், சொந்தக்காரர்களைக் கூட்டி வந்து காட்டாதீர்கள். பயம் தெளிய 3 நாள், வீட்டு வழக்கம் புரிய 3 வாரம், இது நம் வீடு என்று நம்ப 3 மாதம் என்று இந்த வேலையில் இருப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். சில பூனைகளுக்கு அதைவிட அதிகமாகும். அறையில் தரையில் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஏதாவது படியுங்கள், போனில் பேசுங்கள். உங்கள் குரலும் வாசனையும் அதற்குப் பழக வேண்டும், அவ்வளவுதான். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அது வெளியே வந்து சாப்பிட்டிருந்தால், மணலில் தடம் இருந்தால், கவலை இல்லை.

சாப்பிடாமல் இருப்பதை மட்டும் விடக் கூடாது. ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் அடுத்த நாளே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பு ஈரலில் போய் படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். கொஞ்சம் குண்டான பூனைக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். ஷெல்டரில் என்ன சாப்பிட்டதோ அதையே முதல் இரண்டு வாரம் கொடுங்கள். உணவை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் வாசனை தூக்கலாகி, மோப்பம் குறைந்த வயதான பூனையும் வாய் வைக்கும்.

வயதான பூனைக்கு வரும் நோய்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பூனை வலியைக் காட்டாது. முனகாது, நொண்டாது. நோய் முற்றும்வரை ஒன்றும் நடக்காதது போலவே உட்கார்ந்திருக்கும். ஆகவே கண்டுபிடிக்கும் பொறுப்பு முழுக்க நம்முடையது. வந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு முழுப் பரிசோதனை, பிறகு 6 மாதத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம், சிறுநீர், தைராய்டு, ரத்த அழுத்தம், பல் இவை ஐந்தும் அதில் இருக்க வேண்டும். பெட்டியில் வரும் பூனையின் ரத்த அழுத்தத்தைப் பார்க்க எல்லா கிளினிக்கிலும் கருவி இருக்காது, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

முதலில் சிறுநீரகம். வயதான பூனைகளை அதிகம் பிடிப்பது இதுதான். சிறுநீரகத்தின் செயல்திறனில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகே வெளியில் அறிகுறி தெரியும். தண்ணீர் நிறையக் குடிக்கும், மணலில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகும், மெலியும், வாந்தி எடுக்கும். "நல்லா தண்ணி குடிக்குது" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. வயதான பூனை திடீரென்று நிறையக் குடிக்க ஆரம்பித்தால் அது எச்சரிக்கை. முழுதாகக் குணமாகாத நோய்தான், ஆனால் பாஸ்பரஸ் குறைவான உணவும், தேவைப்பட்டால் தோலுக்கடியில் ஏற்றும் திரவமும் இருந்தால் வருடக்கணக்கில் நன்றாக இருக்கும் பூனைகள் உண்டு. திரவம் ஏற்றுவதை மருத்துவர் ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். கேட்கும்போது பயமாக இருக்கும். கற்றுக்கொண்ட பிறகு, ஊசி போடத் தெரியாதவர்கள்கூடச் சர்வ சாதாரணமாகச் செய்வதைப் பார்க்கிறேன்.

தைராய்டு அதிகமானால் பூனை மாடு மாதிரி சாப்பிடும், ஆனாலும் இளைத்துக்கொண்டே போகும். ராத்திரியில் உரக்கக் கத்தும். தினசரி மாத்திரையில் கட்டுப்படும். சர்க்கரை நோயும் வரும். அதற்கு இன்சுலின் ஊசி வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்து உணவையும் சரிசெய்தால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை திரும்புவதுண்டு. ரத்த அழுத்தம் எகிறினால் ஒரே நாளில் பார்வை போய்விடும். பூனை சுவரில் முட்டினாலோ, கண்மணி விரிந்தபடியே இருந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள்.

மூட்டு வலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 12 வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில் 90 சதவீதத்துக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. "வயசாயிடுச்சு, அதான் மேல ஏற மாட்டேங்குது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் வலி. வலிக்கு மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

பல்லும் அப்படித்தான். வாய் நாறினால், ஒரு பக்கமாகவே மென்றால், உலர் உணவை எடுத்துக் கீழே போட்டால் வாயில் வலி. கெட்ட பல்லைப் பிடுங்கிய பிறகு பூனையின் சுபாவமே மாறிவிடும். சிடுசிடு என்றிருந்தது கொஞ்ச ஆரம்பிக்கும். பல்லே இல்லாத பூனை ஈர உணவை நன்றாகவே சாப்பிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரே சோதனையைச் சொல்லச் சொன்னால் எடை பார்ப்பதைச் சொல்வேன். குழந்தைக்கு எடை பார்க்கும் தராசு வாங்கி, மாதம் ஒரு தடவை ஒரே நாளில் பார்த்துக் குறித்து வையுங்கள். 4 கிலோ பூனை 3.6 ஆவது கண்ணுக்குத் தெரியாது, நோட்டில் தெரியும். அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு.

ஆண் பூனை மணல் பெட்டியில் போய்ப் போய் முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசரம். காலைவரை காத்திருக்க வேண்டாம். அடைப்பு நீடித்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

எஃப்.ஐ.வி. இருக்கிறது என்கிறார்கள். எடுக்கலாமா?

எடுக்கலாம். அது பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ், மனிதருக்கோ நாய்க்கோ தொற்றாது. பூனையிலிருந்து பூனைக்குப் பெரும்பாலும் ஆழமான கடியில் பரவும், சண்டை போடாத வீட்டுப் பூனைகளுக்குள் அபாயம் குறைவு. இந்தத் தொற்றோடு முழு ஆயுள் வாழும் பூனைகள் பல. ரத்தப் புற்றை உண்டாக்கும் எஃப்.இ.எல்.வி. வேறு, அது எச்சில், ஒரே கிண்ணம் வழியாகவும் பரவும். அது இருந்தால் வேறு பூனை இல்லாத வீடாக இருப்பது நல்லது.

தயிர் சாதம் போடலாமா? நாங்கள் சைவம்.

நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பூனைக்குத் தயிர் சாதமும் பாலும்தான் போட்டிருக்கிறோம். அந்தப் பூனைகள் மீதி உணவை எலி, பல்லி, ஓணான் பிடித்துத் தேடிக்கொண்டன. வீட்டுக்குள் அடைத்து வளர்க்கும் பூனைக்கு அந்த வழி இல்லை. பூனையின் உடம்புக்கு டாரின் என்ற சத்து வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் போதிய அளவு இருக்கிறது. அது இல்லாவிட்டால் கண் போகும், இதயம் வீங்கும். ஆகவே சைவ உணவில் பூனை வளர்க்க முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அசைவம் சமைக்க வேண்டாம் என்றால் கடையில் வரும் முழுமையான பூனை உணவு வாங்கிப் போடலாம். பொட்டலத்தைக் கையால் தொடுவதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் பூனை வேண்டாம்.

சமைத்துப் போடுகிறவர்கள் கவனிக்க: குழம்பில் கிடந்த கோழித் துண்டைக் கழுவிப் போடுவது கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். உப்போ மசாலாவோ சேர்க்காமல் வேகவைத்து, எலும்பும் முள்ளும் நீக்கிக் கொடுங்கள். மத்தியைப் பச்சையாகப் போட்டுப் பழக்காதீர்கள், வைட்டமின் பி1ஐ அழிக்கும் ஒரு பொருள் பச்சை மத்தியில் இருக்கிறது. கருவாட்டில் உப்பு அதிகம், சிறுநீரகம் பாதித்த பூனைக்கு அறவே ஆகாது. வெறும் கோழியும் மீனும் முழு உணவு ஆகாது என்பதால் பாதியாவது முழுமையான பூனை உணவாக இருக்கட்டும்.

பால்? வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு ஆகும். தண்ணீர் போதும். 4 கிலோ பூனைக்கு உணவிலுள்ள ஈரத்தையும் சேர்த்து நாளைக்கு 200 மில்லி அளவுக்குத் தேவை. சென்னைக் கோடையில் வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகலமான கிண்ணத்தில் வையுங்கள், சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். ஈர உணவே பாதித் தண்ணீரைக் கொடுத்துவிடும்.

வீட்டில் எவையெல்லாம் பூனைக்கு விஷம்?

பாராசிட்டமால் முதலில். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று அரை மாத்திரை கொடுத்து இறந்த பூனைகள் உண்டு. பூனையின் ஈரலால் அந்த மருந்தைப் பிரித்து வெளியேற்ற முடியாது. மனிதருக்கான எந்த வலி மாத்திரையும் வேண்டாம்.

நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். பூனைக்கென்று எழுதியிருப்பதை மட்டும் போடுங்கள். தரை துடைக்கும் ஃபீனைல், நீலகிரித் தைலம், டீ ட்ரீ எண்ணெய் இவையும் ஆகாது. பூனை தரையில் நடந்து காலை நக்கும், தரையில் இருப்பதெல்லாம் வயிற்றுக்குள் போகும். சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பிறகு வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும்.

செடிகளில் அரளியும் செங்காந்தளும் கொடியவை. பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவின் மகரந்தம் உடம்பில் பட்டு நக்கினாலே சிறுநீரகம் போய்விடும், அந்தப் பூ வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது.

பெட்டி இருந்தும் வெளியே சிறுநீர் கழிக்கிறது. வேண்டுமென்றே செய்கிறதா?

பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. சிறுநீர்ப் பாதையில் தொற்று, மூட்டு வலி, அழுக்கான மணல், பிடிக்காத வாசனை மணல், வாஷிங் மெஷின் பக்கத்தில் பெட்டி, இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். முதலில் மருத்துவர், பிறகு பெட்டி. அடிக்கவோ மூக்கைத் தேய்க்கவோ கூடாது, அது பெட்டியையும் உங்களையும் சேர்த்து வெறுக்கத்தான் உதவும்.

ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. சேருமா?

அவசரப்படாவிட்டால் பெரும்பாலும் சேரும். தனி அறை, மூடிய கதவு. இரண்டின் துணிகளையும் மாற்றிப் போட்டு வாசனையைப் பழக்குங்கள். கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள். பிறகு கதவை இம்மியளவு திறந்து, அதன் பிறகு பார்வையில். வாரக்கணக்கில் ஆகலாம். அவை நண்பர்களாக வேண்டிய கட்டாயமில்லை, ஒரே கூரைக்குக் கீழே சண்டையில்லாமல் இருந்தால் வெற்றிதான். ஆட்டம் போடும் குட்டியோடு 13 வயதுப் பூனையைச் சேர்ப்பதை நான் ஊக்குவிப்பதில்லை, பெரியதற்கு நிம்மதி போய்விடும்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார். ஆஸ்துமா உள்ளவரும் இருக்கிறார்.

கர்ப்பிணிகளுக்கான கவலை டாக்சோபிளாஸ்மா கிருமி. தொற்றிய பூனை வழக்கமாக வாழ்நாளில் ஒரு தடவை, சில வாரங்கள் மட்டும் அதை மலத்தில் வெளியேற்றும். வெளியேறிய கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். எனவே தினமும் மணலைச் சுத்தம் செய்தால், அதை வீட்டில் வேறொருவர் செய்தால், அபாயம் மிகக் குறைவு. சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத காய்கறியும் பெரிய வழிகள்.

பூனை முடி வயிற்றுக்குள் போனால் ஆஸ்துமா வரும் என்று பெரியவர்கள் சொல்வது சரியில்லை. ஆனால் பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும், ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தால் அது கூடும். அப்படிப்பட்டவர் ஷெல்டருக்கு இரண்டு மூன்று தடவை வந்து பூனையோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, தன் மருத்துவரையும் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

பூனைக்கு வருடாந்திர ரேபிஸ் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். கடித்தாலோ ரத்தம் வரப் பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுக்குமாடிச் சங்கம் தடுக்கிறது. வீட்டு உரிமையாளர் என்ன சொல்வாரோ?

செல்லப்பிராணி வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைக் காட்டிப் பேசலாம். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பி எடுத்து, ஆறு மாதத்தில் பூனையா வீடா என்ற நிலைக்கு வந்தவர்கள் நிறைய.

செலவு எவ்வளவு ஆகும்?

உணவு, மணல் இவை மாதச் செலவு. 4 கிலோ பூனை உலர் உணவு மட்டும் சாப்பிட்டால் நாளைக்கு 50, 60 கிராம், மாதம் 2 கிலோவுக்குள் முடியும். கையைக் கடிப்பது மருத்துவம்தான். மாதாமாதம் ஒரு தொகையைப் பூனைக்கென்று தனியாகப் போட்டு வையுங்கள். பெரிய செலவு வரும்போது, 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும்.

70 வயதைத் தாண்டிய அப்பா அம்மாவுக்கு எடுத்துக் கொடுக்கலாமா?

அவர்களே விரும்பிக் கேட்டால் தாராளமாக. 20 வருடம் வாழப்போகும் குட்டியைவிட 9 வயதுப் பூனை அவர்களுக்கு ஏற்றது. அவர்களால் முடியாமல் போனால் நான் எடுத்துக்கொள்வேன் என்று பிள்ளைகளில் ஒருவர் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்காத பெற்றோருக்குத் துணையாக இருக்கட்டும் என்று திடீர்ப் பரிசாகக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

பழகிய பிறகு சீக்கிரம் போய்விட்டால் தாங்க முடியாதே?

தாங்குவது கஷ்டம்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எடுக்காவிட்டாலும் அதன் முடிவு வரத்தான் போகிறது, கூண்டுக்குள் வரும். இரண்டு வருடம் ஜன்னலோர வெயிலில் படுத்து, பிடித்ததைச் சாப்பிட்டு, ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட வாழ்வது அந்தப் பூனைக்குச் சின்ன விஷயம் இல்லை. கடைசிக் காலத்தில் வலி கட்டுக்கடங்காமல் போனால், வேதனையில்லாமல் உயிர் பிரியச் செய்வதைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிவரும். சாப்பிடுகிறதா, தானாக நகர்கிறதா, உடம்பை நக்குகிறதா, உங்களிடம் வருகிறதா என்று தினமும் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். நல்ல நாளைவிடக் கெட்ட நாள் அதிகமாகும்போது அந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒத்துவரவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். நல்ல ஷெல்டர்கள் தத்துப் படிவத்திலேயே அப்படி எழுதி வாங்கிக்கொள்ளும். முதல் மாதத்திலேயே முடிவு செய்துவிடாமல், எந்தப் பிரச்சினை என்று அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பாதிக்கு மேல் பேச்சிலேயே தீரும். உங்களுக்குத் தெரிந்தவருக்குக் கொடுப்பதானாலும் ஷெல்டருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மீன் மார்க்கெட்டிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டால் யாராவது சோறு போடுவார்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வீட்டில் வாழ்ந்த வயதான பூனை தெருவில் அதிக நாள் தாங்காது. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. திருப்பிக் கொடுக்கும்போது எடை குறித்த நோட்டு, தடுப்பூசிக் குறிப்பேடு, மருந்துச் சீட்டுகள், அது படுத்துப் பழகிய துணி இவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்து எடுக்கப்போகிறவருக்கு அவை தேவைப்படும்.